காட்டோரத்து விருந்தினர்



விடுமுறை வந்தால் உறவினர் வீட்டுக்குச் செல்வது நம் வழக்கம். சிலருக்குக் கடற்கரையோரம் பெரியம்மா வீடு இருக்கும்; சிலருக்கு வயல்களின் நடுவே தாத்தா வீடு இருக்கும். எங்கள் அத்தை வீடோ முதுமலைக் காட்டின் ஓரத்தில், மசினகுடியில் இருக்கிறது. மாமா மின்வாரியத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். பணிக்காக வந்த ஊரிலேயே நான்கு பசுக்களுடனும் சிறு தோட்டத்துடனும் நிலைத்துவிட்டார்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பெற்றோர் கோவையிலிருந்து மைசூர் வரை காரில் செல்லத் திட்டமிட்டனர். வழியில் மூன்று நாட்கள் அத்தை வீட்டில் தங்குவதென முடிவாயிற்று. சகோதரிகளாகிய நாங்கள் இருவரும் அங்கே கண்டவற்றையும் கேட்டவற்றையும், திரும்பி வந்தபின் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இக்கட்டுரையைத் தருகிறோம். காட்டின் அருகே வாழ்வோர்க்குக் காடு எத்தகையது? அங்கே விருந்தினராகச் செல்லும் நமக்கு என்ன கடமை உண்டு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

புறப்படுமுன்

உறவினர் வீட்டுக்குப் பழம் வாங்காமல் செல்வது நம் மரபன்று. அம்மா ஒரு பலாப்பழமும் ஒரு சீப்பு நேந்திரனும் வாங்க எண்ணியிருந்தார். ஆனால் அத்தை முன்னதாகவே தொலைபேசியில், "அண்ணி, பழம் மட்டும் வேண்டாமுங்க. பலா வாசம் ராத்திரி யானையைக் கூப்பிட்டுக்கிட்டு வந்துரும். முறுக்குச் சுட்டு எடுத்துட்டு வாங்க, போதும்" என்று சொல்லிவிட்டார். பலாப்பழத்தின் மணத்தை யானை வெகு தொலைவிலிருந்தே அறிந்துகொள்ளும். அதனால் அத்தை வீட்டுப் பலா மரத்தில் காய்களைப் பழுக்க விடுவதேயில்லை. பிஞ்சிலேயே பறித்துச் சமைத்துவிடுகிறார்கள்.

நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணை. 2024 மே 7ஆம் நாள் முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடையில், நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும் மட்டுமே என்று வரம்பும் விதிக்கப்பட்டது. மலைப்பாதைக்கும் தண்ணீருக்கும் காட்டுக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டல்லவா? அப்பா முறைப்படி அனுமதி பெற்றார். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களைத் தவிர்த்து, எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டோம்.

மலையேறி இறங்கிய வழி

மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக உதகையை அடைந்தோம். உதகையிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி மலைப்பாதை குறுக்கு வழி. அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறக்கம் மிகச் செங்குத்தானது. பழக்கமில்லாத ஓட்டுநர்களால் விபத்துகள் நேர்ந்ததால், வெளியூர் வாகனங்கள் அவ்வழியே இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. ஆகவே பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு என்று சுற்றிக்கொண்டு சென்றோம்.

அந்தச் சுற்றுவழியே எங்களுக்குப் புவியியல் பாடமாயிற்று. தென்மேற்குப் பருவக்காற்று முதலில் கூடலூர்ப் பக்கம் மோதி மழையைக் கொட்டுகிறது. கிழக்கே செல்லச் செல்ல மழை குறைகிறது. அதற்கேற்பக் காடும் மாறுகிறது. மேற்கே தேக்கும் மூங்கிலும் செறிந்த ஈர இலையுதிர் காடு. நடுவே உலர்ந்த இலையுதிர் காடு. கிழக்கே மசினகுடியையும் சீகூரையும் நெருங்கும்போது முட்புதர்க் காடு. மசினகுடிப் பகுதி நீலகிரி மலையின் மழை மறைவில் இருப்பதே இதற்குக் காரணம். பாடநூலில் ஒரு வரியாகப் படித்த மழை மறைவுப் பகுதியை, காரின் சன்னல் வழியே ஒரு மணி நேரத்திற்குள் கண்ணாரக் கண்டோம்.

கூடலூரை அடுத்துள்ள தொரப்பள்ளியைக் கடந்ததும் புலிகள் காப்பகம் தொடங்குகிறது. அங்கிருந்து தெப்பக்காடு வரை வண்டியை நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது, ஒலிப்பானை அலறவிடக்கூடாது, விலங்குகளுக்கு உணவு தரக்கூடாது என்று அறிவிப்புப் பலகைகள் உள்ளன. குரங்குகள் சாலையோரம் வரிசையாக அமர்ந்து எங்கள் கைகளையே பார்த்தன. யாரோ எறிந்த பிஸ்கட்டின் சுவை கண்டவை அவை. உணவு தேடி வண்டியருகே வரும் குரங்கு, அடுத்த வண்டியின் சக்கரத்தில் சிக்கிவிடும். நாம் இரக்கம் என்று எண்ணிச் செய்வதே அதன் உயிருக்கு இறுதியாகிவிடுகிறது.

"பொழுது சாயுமுன் வீடு சேர்ந்துவிடுங்கள்" என்று மாமா சொல்லியிருந்தார். மாலை 4 மணிக்கே அத்தை வீட்டு வாசலில் இறங்கினோம்.

முதுமலையின் வரலாறு

நாங்கள் கடந்துவந்த காட்டின் வரலாற்றைச் சிறிது காண்போம். முதுமலையில் 1940ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர். பின்னர் அது பலமுறை விரிவாக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி, ஏறத்தாழ 103 சதுர கிலோமீட்டர், 1990இல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2007இல் முதுமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இன்று வெளிவட்டப் பகுதியையும் சேர்த்துக் காப்பகத்தின் பரப்பு ஏறத்தாழ 688 சதுர கிலோமீட்டர்.

இதன் வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூரும் மேற்கே கேரளத்தின் வயநாடும் உள்ளன. மூன்று மாநிலங்களுக்கும் பொதுவான இப்பெருங்காடு, 1986இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தைச் சேர்ந்தது. மாநில எல்லைக் கற்களை யானை அறியாது. கோடையில் நீர் எங்கே உண்டோ அங்கே செல்லும். மழை வந்ததும் திரும்பும். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ உணவும் 100 லிட்டருக்கு மேல் நீரும் தேவை. அவ்வளவு உணவும் ஓரிடத்தில் கிடைக்காது. ஆகையால் நடந்துகொண்டே இருப்பதுதான் யானையின் வாழ்க்கை.

அவ்வாறு நடக்கும் வழியை வலசைப் பாதை என்பர். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளையும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் காடுகளையும் இணைக்கும் முக்கியமான வலசைப் பாதை சீகூர்ப் பீடபூமியில் உள்ளது. அதில் விடுதிகளும் வேலிகளும் பெருகியதால் யானைகள் வழி தெரியாமல் ஊருக்குள் நுழைந்தன. தமிழக அரசு 2010இல் அப்பாதையை அறிவிக்கை செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அத்தை வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் முட்காடு இந்த வலசைப் பாதையின் பகுதியே.

அத்தை வீட்டு இரவும் பகலும்

மாலை 6 மணிக்குப் பசுக்களைத் தொழுவத்தில் கட்டிக் கதவை அடைத்துவிடுகிறார்கள். அதன்பின் முற்றத்தைத் தாண்டிச் செல்வதில்லை. யானை வந்தால் ஊரார் ஒருவருக்கொருவர் கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். வனத்துறையின் காவல் குழுவினர் வண்டியில் வந்து அதைக் காட்டுப்பக்கம் திருப்பி அனுப்புகிறார்கள். தோட்டத்தைச் சுற்றிச் சூரிய மின்வேலி உள்ளது. அதில் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாகப் பாய்வதால், தொடும் விலங்கு அதிர்ந்து விலகுமே தவிர இறந்துபோகாது. வீட்டு மின்கம்பியை நேராக வேலியில் இணைப்பது கொலைக்கு ஒப்பானது, சட்டப்படியும் குற்றம். மின்வாரியத்தில் பணிபுரிந்த மாமா இதை எங்களுக்குப் படம் வரைந்து விளக்கினார்.

அத்தை மகள் பிளஸ் 2 படிக்கிறாள். எங்களில் மூத்தவளுக்கு அவள் ஒரே வயது. மாலையில் நடக்கும் சிறப்பு வகுப்புகளுக்கு அவளால் இருக்க முடிவதில்லை. கடைசிப் பேருந்தில் இருட்டுமுன் வந்துவிட வேண்டும். காலையில் சாலையில் யானை நின்றால், அது விலகும்வரை பேருந்து காத்திருக்கும். "காட்டைப் பார்க்க வருபவர்களுக்கு யானை தென்படாவிட்டால் வருத்தம், எங்களுக்கு யானை தென்பட்டால் அன்று முதல் பாடவேளை போயிற்று" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கணக்குப் பாடத்தில் விடுபட்டவற்றைத் தோழியின் குறிப்பேட்டைப் பார்த்து இரவில் எழுதிக்கொள்கிறாள். மாலை 6 மணி வரை பள்ளியில் தங்கிப் படித்துவிட்டு, விளக்கெரியும் தெருவில் நடந்து வீடு செல்லும் எங்களுக்கு அவள் சொன்னது வெகுநேரம் மனத்தில் நின்றது.

அண்டை வீட்டாரின் பசு ஒன்றைச் சென்ற ஆண்டு புலி கொன்றுவிட்டது. அவ்வூரில் மாடு என்பது பாலுக்கு மட்டுமன்று. சாணமும் உரமாக விலைபோகும். ஆகவே ஒரு பசு போனால் ஒரு குடும்பத்தின் வருமானத்தில் பெரும்பங்கு போய்விடும். வனத்துறை இழப்பீடு தருகிறது. ஆனாலும் இழப்பீட்டுத் தொகை பால் கறப்பதில்லையே என்று அத்தை சொன்னார்.

"அப்படியானால் உங்களுக்குக் காட்டின் மேல் கோபம் வராதா அத்தை?" என்று கேட்டோம்.

"வராம இருக்குமா கண்ணு? மாசத்துல நாலு நாள் வரும். அப்புறம் அதுங்க எங்கதான் போகும்னு நெனச்சுக்குவேன்" என்றார்.

இவ்விருவகை எண்ணமும் ஊர் முழுவதும் உண்டு. 2021இல் நான்கு பேரின் சாவுக்குக் காரணம் எனக் கருதப்பட்ட புலியொன்று கூடலூர், மசினகுடி மக்களை அச்சத்தில் ஆழ்த்தியது. அதைச் சுட்டுவிட வேண்டும் என்று இறந்தோரின் உற்றார் அழுது கேட்டதில் வியப்பில்லை. வனத்துறையினர் 20 நாட்களுக்கு மேல் தேடி, அக்டோபர் 15ஆம் நாள் அதை மயக்க ஊசி செலுத்தி உயிருடன் பிடித்தனர். பிறகு அது மைசூரிலுள்ள மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பப்பட்டது. அதே ஆண்டு சனவரியில் இவ்வூரில் இன்னொன்றும் நடந்தது. ஒரு தங்கும் விடுதியை நெருங்கிய ஆண் யானை மீது தீப்பற்றிய பொருளை வீசியிருந்தனர். அதன் காது வெந்துபோயிற்று. சனவரி 19ஆம் நாள், தெப்பக்காட்டுக்கு எடுத்துச் செல்லும் வழியில் அது உயிர் நீத்தது. உறவை இழந்தவர்கள் சட்டத்துக்காகப் பொறுத்திருந்த மண்ணிலே, பயணிகளின் பணத்தால் நடந்த விடுதியொன்றில் அக்கொடுமை நேர்ந்தது. இதை நாம் மறக்கலாகாது.

ஒரு பசுவும் ஒரு பறவையும்

மறுநாள் தொழுவத்தில் ஒரு பசுவுக்குக் கால் வீக்கம். கால்நடை மருத்துவர் வந்தபோது, "டைக்ளோஃபினாக் வேண்டாமுங்க" என்று மாமா நினைவூட்டினார். மருத்துவர் புன்னகையுடன் மெலாக்சிகாம் ஊசியைக் காட்டினார். காரணம் கேட்டோம்.

டைக்ளோஃபினாக் என்பது வலி நீக்கும் மருந்து. அது செலுத்தப்பட்ட மாடு இறந்து, அதன் உடலைப் பாறு கழுகுகள் உண்டால், அவற்றின் சிறுநீரகம் கெட்டு அவை மடிகின்றன. இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த பாறு கழுகுகள் ஒரு தலைமுறைக்குள் அழிவின் விளிம்புக்கு வந்ததற்கு இம்மருந்தே முதற்காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2006இல் மத்திய அரசு கால்நடைகளுக்கு இதைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கு செய்யாதது. தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் இன்றும் கூடு கட்டி வாழும் மிகச் சில இடங்களுள் மாயாற்றுப் பள்ளத்தாக்கு ஒன்று. ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. இறந்த உடல்களைத் தின்று தீர்த்து நோய் பரவாமல் காக்கும் துப்புரவாளர்கள் அவை. ஒரு வீட்டுத் தொழுவத்தில் போடும் ஊசிக்கும் வானத்தில் வட்டமிடும் பறவைக்கும் இத்தனை நெருக்கம் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

தொழுவத்தின் பின்னே மஞ்சளும் சிவப்புமாகப் பூத்த புதரொன்றும் அழகாக இருந்தது. அதன் பெயர் உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இச்செடியை வெள்ளையர் பூந்தோட்டத்துக்காகக் கொண்டுவந்தனர். இன்று அது காட்டில் பரவிப் புல் முளைக்க இடமின்றிச் செய்துவிட்டது. மானும் மாடும் அதை விரும்பி உண்பதில்லை. காட்டில் புல் குறைந்தால் விலங்குகள் வயலை நாடுகின்றன. கூடலூர் வட்டாரப் பழங்குடிக் கலைஞர்கள் இச்செடியின் தண்டுகளைக் கொண்டு முழு அளவில் யானை உருவங்களைச் செய்கிறார்கள். 2021இல் அவை இலண்டன் நகரப் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தீமை செய்யும் செடியிலிருந்தும் பிழைப்புக்கு வழி கண்ட அவர்களின் அறிவு பாராட்டுக்குரியது.

தெப்பக்காட்டில்

அன்று மாலை தெப்பக்காடு யானைகள் முகாமுக்குச் சென்றோம். கேழ்வரகு, கொள்ளு, அரிசி ஆகியவற்றை வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பெரிய கவளங்களாக உருட்டி ஊட்டுகிறார்கள். ஒவ்வொரு யானைக்கும் அதன் உடல்நிலைக்கேற்ப அளவு வேறு. பாகனின் குரலைக் கேட்டு யானை வாயைத் திறப்பது, தாயிடம் குழந்தை சோறு வாங்குவது போலவே இருந்தது.

இம்முகாமில் தாயற்ற யானைக் கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரைப் பற்றிய 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' என்னும் ஆவணக் குறும்படம் 2023இல் ஆஸ்கர் விருது பெற்றது. உதகையில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ் என்னும் பெண்மணி அதை இயக்கினார். அதே ஆண்டு தமிழக அரசு பெள்ளியை யானைகளைப் பராமரிக்கும் காவடிப் பணியில் நியமித்தது. தமிழகத்தில் இப்பணிக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் அவரே. காட்டைக் காப்பது ஆடவர் தொழில் என்று எண்ணியிருப்போர் இதை அறிய வேண்டும்.

இரவில் மூடும் சாலை

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது பழமொழி. நான்காம் நாள் காலை மைசூருக்குப் புறப்பட்டோம். பந்திப்பூர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை உண்டு. இரவில் விரையும் லாரிகளில் அடிபட்டு விலங்குகள் மடிந்ததால் 2009இல் இத்தடை வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2010இல் இதை ஏற்றது. நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ஊர்திகளுக்கு விலக்கு உண்டு. எனினும் காய்கறி வணிகரும் நெடுந்தொலைவுப் பயணிகளும் இதனால் துன்புறுகிறார்கள் என்ற வாதமும் இருக்கிறது. அதையும் நாம் புறக்கணிக்கக் கூடாது. ஆயினும் ஒரு நாளின் 24 மணி நேரத்தில் 15 மணி நேரம் சாலை நமக்கு. 9 மணி நேரம் அவற்றுக்கு. இந்தப் பங்கீடு நேர்மையற்றது என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

யார் கொடுக்கும் விலை?

தோழியரே, இனி ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். பைக்காராவின் நீரில் 1932 முதலே மின்சாரம் எடுக்கப்படுகிறது. காட்டின் நடுவே ஓடும் மாயாறு பவானிசாகர் அணையில் பவானியுடன் கலக்கிறது. அந்நீர் ஈரோடு மாவட்டத்து நெல்லையும் மஞ்சளையும் விளைவிக்கிறது. காடு இருப்பதால் மழைநீர் மண்ணில் ஊறி ஆறாக ஓடுகிறது. விலங்குகள் இருப்பதால் காடு காடாக நிற்கிறது. இதன் பயன் சமவெளியில் வாழும் நமக்கு. ஆனால் விலை கொடுப்பவர் யார்? பசுவை இழந்த அண்டை வீட்டார். பழுக்குமுன் பலாவைப் பறிக்கும் அத்தை. சிறப்பு வகுப்பைத் துறந்து கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அத்தை மகள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய மக்கள்.

நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். அக்கடனை முழுதும் தீர்க்க மாணவியராகிய நம்மால் ஆகாது. ஆனால் அதைப் பெருக்காமல் இருக்க நம்மால் முடியும்.

1. காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லாதிருப்போம். படம் எடுக்க இறங்காதிருப்போம்.

2. எந்த விலங்குக்கும் உணவு எறியாதிருப்போம். குப்பையை வீட்டுக்கே திரும்பக் கொண்டுவருவோம்.

3. தங்குமிடம் தேடும்போது, அது வலசைப் பாதையை மறித்துக் கட்டப்பட்டதா என்று பெற்றோரை விசாரிக்கச் சொல்வோம். இரவில் விலங்கு காட்டுவதாக அழைக்கும் வண்டிகளில் ஏற மறுப்போம்.

4. காட்டோரத்து உறவினரிடம் யானையைப் பற்றிக் கேட்குமுன், அவர்களுடைய பயிரையும் மாட்டையும் படிப்பையும் பற்றிக் கேட்போம்.

நான்காவதை நாங்கள் உடனே தொடங்கிவிட்டோம். எங்கள் பள்ளியில் நடக்கும் மாலைச் சிறப்பு வகுப்புகளின் கணக்குக் குறிப்புகளை ஞாயிறுதோறும் அத்தை மகளுக்கு அனுப்புகிறோம். அவள் விடுபட்ட பாடங்களைக் கேட்டு எழுதுகிறாள். கூடவே அந்த வாரம் சாலையில் யானை எத்தனை நாள் நின்றது என்பதையும் தெரிவிக்கிறாள். உங்களுள் எவருக்கேனும் காட்டோரத்தில் உறவினர் இருந்தால், நீங்களும் அவர்களிடம் உசாவி எழுதுங்கள். அவர்கள் அறிந்த காடு நம் பாடநூலில் இடம்பெறவில்லை.